கொழுந்து பறித்த கைகளுக்கு வயதாகிறது



அண்மையில் ஒரு டிவிசனில் காலைப் பிரட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். மழைத் தூறல். படங்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு எல்லோரும் வந்து நின்றார்கள். "ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்க அம்மா" என்று கேட்டோம். பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. "முப்பதுக்குக் குறைஞ்சவங்க?" என்று கேட்டோம். எண்ணுவதற்கு ஒரு கை விரல்களே போதும்.

பின் வரிசையில் நின்ற ஒரு அம்மாவிடம், "நீங்க பென்சன் எடுத்திட்டீங்கதானே, இன்னும் மலைக்குப் போறீங்களா?" என்று கேட்டோம். அவர் சிரித்துக்கொண்டே, "பேருதான் செக்ரோல்ல இல்லீங்க ஐயா. கூடை இன்னும் தலையிலதான் தொங்குது" என்றார்.

அந்தப் பதில் எங்களுக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் யோசிக்க வைத்தது. ஆகவே இந்த இதழில் முதுமையையும் வேலையையும் பற்றி உங்களோடு பேச விரும்புகிறோம். இது கிழவர் கிழவிகளின் கதை, நமக்கென்ன என்று இளைஞர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கடைசியில் கணக்கு உங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வருகிறது.

நாடு முழுவதும் நடப்பது

ஒரு நாட்டில் பிறக்கும் பிள்ளைகள் குறைந்து, இருப்பவர்கள் நெடுங்காலம் வாழ்ந்தால், அந்த நாட்டில் முதியவர்களின் பங்கு கூடும். இலங்கையில் அதுதான் நடக்கிறது. 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் 100 பேரில் 6 அல்லது 7 பேர்தான் 60 வயதைக் கடந்தவர்கள். 2012ஆம் ஆண்டில் அது 100க்கு 12 பேருக்கு மேல் போய்விட்டது. 2024ஆம் ஆண்டு மதிப்பீட்டில் இன்னும் கூடியிருக்கிறது.

இதில் கெட்டது ஒன்றும் இல்லை. நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தில் காய்ச்சலுக்கும் வயிற்றோட்டத்துக்கும் எத்தனை பிள்ளைகளைப் பறிகொடுத்தார்கள்! பிரசவத்தில் எத்தனை தாய்மார் போனார்கள்! மருத்துவச்சியும் தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் வந்தபடியால்தான் இன்று நாம் பேரப்பிள்ளைகளைத் தூக்கிக் கொஞ்சுகிறோம். ஏழு எட்டுப் பிள்ளை பெற்ற வீடுகளில் இன்று இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதுவும் நல்லதே.

ஆனால் ஒரு காம்பராவை எடுத்துப் பாருங்கள். முன்பு ஒரு கிழவரை வைத்துப் பார்க்க நான்கு மகன்களும் மூன்று மகள்களும் இருந்தார்கள். இன்று இரண்டு பேர். அந்த இரண்டு பேரில் ஒருவர் கொழும்பில், மற்றவர் குவைத்தில். வீட்டுக் கணக்கு இப்படி மாறும்போது வேலைக் கணக்கும் சேர்ந்து மாறுகிறது.

மலையில் ஏன் இன்னும் வேகம்?

தோட்டத்தில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. இளையவர்கள் மலையை விட்டுப் போகிறார்கள். 1992ஆம் ஆண்டு தோட்ட நிர்வாகம் கம்பெனிகளிடம் கையளிக்கப்பட்டபோது, அந்தத் தோட்டங்களில் 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேர் பதிந்து வேலை செய்தார்கள். இன்று அந்தத் தொகை ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. லயத்தில் ஆட்கள் இருக்கிறார்கள், மலையில்தான் ஆள் இல்லை.

பிள்ளைகள் போவதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். ஓ.எல்., ஏ.எல். படித்த பிள்ளை அட்டைக்கடியிலும் குளவிப் பயத்திலும் ஏன் நிற்க வேண்டும் என்று தாயே கேட்கிறாள். "நான் பட்டது என்னோட போகட்டும்" என்று சொல்லாத தாய் மலையில் இல்லை. படிக்க வைத்ததும் நாம்தான், பஸ் ஏற்றி அனுப்பியதும் நாம்தான். ஆனால் பிள்ளைகள் விட்டுப்போன இடத்தை இன்று தாங்கி நிற்பவர்கள் வயதான தாய் தகப்பன்மார் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஒவ்வொரு தொழிலிலும் என்ன நடக்கிறது?

முதலில் நம்முடைய மலையைப் பார்ப்போம். கொழுந்துக்கு ஒரு முறை உண்டு. ஏழு நாளைக்கு ஒரு தடவை அதே மலைக்குத் திரும்பி வந்தால்தான் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகப் பிஞ்சுக் கொழுந்து கிடைக்கும். ஆள் குறைந்தால் பத்து நாள், பதினான்கு நாள் என்று இழுபடும். கொழுந்து முற்றிவிடும். முற்றிய கொழுந்தில் நல்ல தூள் வராது, நல்ல விலையும் வராது. விலை வராவிட்டால் சம்பளம் கூட்டிக் கேட்கும்போது "காசு இல்லை" என்ற பதில் வரும். சம்பளம் கூடாவிட்டால் இன்னும் நாலு இளையவர்கள் போய்விடுவார்கள். மிச்ச வேலை முழுவதும் வயதானவர்கள் தலையில். செக்குமாடு போல இது சுற்றிச் சுற்றி வருகிறது.

கவ்வாத்து, மருந்தடி, முள்ளுக் குத்து போன்ற பாரமான வேலைகளில் இந்தக் குறை இன்னும் நன்றாகத் தெரிகிறது. ஐம்பத்தைந்து வயதுக்காரர் செங்குத்து மலையில் மருந்துத் தாங்கியைச் சுமந்து ஏற முடியுமா? அதனால்தான் கத்திரியும் மிஷினும் மலைக்கு வருகின்றன. சில தோட்டங்களில் மலையைப் பங்கு பிரித்துக் குடும்பங்களிடம் கொடுத்து, கொழுந்தைக் கிலோ கணக்கில் வாங்கும் முறையும் வந்திருக்கிறது. அந்த முறையில் கணக்கு எப்படி, ஈ.பி.எப். உண்டா இல்லையா என்பதைக் கையெழுத்து வைக்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அடுத்தது கடைத் தொழில், கார்மென்ட், கட்டட வேலை. இவை இளம் கைகளைத் தேடுகின்றன. நாட்டில் இளையவர் குறையக் குறைய இந்தத் தொழில்களும் நம் பிள்ளைகளை இன்னும் தூரத்திலிருந்து கூப்பிடும். அங்கே நாற்பதைத் தாண்டினால் "வயது போய்விட்டது" என்று சொல்லும் இடங்களும் இருக்கின்றன. அப்படித் திரும்பி வருகிறவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். கையில் தொழிலும் இல்லை, ஈ.பி.எப். புத்தகமும் இல்லை.

பள்ளிக்கூடத்தை எடுத்துக்கொண்டால், பிறப்பு குறையும்போது முதலாம் வகுப்பில் வாங்குகள் காலியாகின்றன. இனிவரும் காலத்தில் ஆசிரியர் வேலை ஒன்றையே நம்பிப் படிப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். மறுபக்கத்தில் ஆஸ்பத்திரி வேலை, தாதி வேலை, முதியோர் பராமரிப்பு, கண்ணாடி செய்வது, மருந்துக் கடை போன்றவற்றுக்கு ஆள் தேவை கூடும். முதியவர் கூடும் நாட்டில் வளரும் தொழில்கள் இவை.

வெளிநாட்டுக் கதையும் இதுதான். ஜப்பானில் 10 பேரில் ஏறக்குறைய 3 பேர் 65 வயதைக் கடந்தவர்கள். தங்கள் முதியவர்களைப் பார்க்க ஆள் இல்லாமல், 2019ஆம் ஆண்டு முதல் வெளிநாட்டவரைப் பராமரிப்பு வேலைக்கு எடுக்கும் புதிய ஏற்பாட்டை அந்த நாடு தொடங்கியது. அதே ஆண்டில் இலங்கையோடும் உடன்படிக்கை செய்தது. இஸ்ரேலுக்கும் இத்தாலிக்கும் நம் நாட்டவர்கள் இதே வேலைக்குப் போகிறார்கள். பாஷை படித்து, முறையாகப் பயிற்சி எடுத்துப் போகிறவர்களுக்கு நல்ல சம்பளம். ஆனால் ஒரு கணம் சிந்தித்துப் பாருங்கள். நம் மகள் அந்த நாட்டு அம்மாவுக்குச் சோறூட்டுகிறாள். அவள் பெற்ற பிள்ளைக்கு இங்கே அவளுடைய அம்மா சோறூட்டுகிறாள். அந்த அம்மாவுக்கு யார் ஊட்டுவது?

கடல் கடந்த தேயிலை மலைகளிலும் இதே நிலைதான். தமிழ்நாட்டில் வால்பாறையிலும் நீலகிரியிலும் நம் சொந்தக்காரர்கள் வேலை செய்த தோட்டங்களில், பிள்ளைகள் படித்துக் கோயம்புத்தூர், திருப்பூர் என்று போய்விட்டார்கள். இன்று அங்கே ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் கொழுந்து பறிக்கிறார்கள். நம்முடைய மலைக்கு அப்படி வர யாரும் இல்லை. இங்கே இருப்பவர்களைத்தான் காப்பாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.

பென்சனுக்குப் பிறகும் வேலையா?

நாம் பென்சன் என்று சொன்னாலும், தோட்டத் தொழிலாளிக்கு மாதாமாதம் வரும் பென்சன் கிடையாது. வருவது இரண்டு மூன்று தொகைகள். அவற்றை விளக்கமாகச் சொல்கிறோம்.

ஈ.பி.எப். என்ற ஊழியர் சேமலாப நிதி 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. சம்பளத்தில் நூற்றுக்கு 8 நம்மிடம் வெட்டுவார்கள், 12 நிர்வாகம் போடும். ஈ.டி.எப். என்ற நம்பிக்கைப் பொறுப்பு நிதி 1980ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கு நிர்வாகம் மட்டும் நூற்றுக்கு 3 போடும். சர்வீஸ் காசு என்று நாம் சொல்வது 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருவது. ஐந்து வருடம் நிறைவாக வேலை செய்திருந்தால், நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் கடைசியாக எடுத்த நாட்சம்பளத்தில் 14 நாள் கணக்கு. வேலையை விட்டு 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது.

ஒரு கணக்குப் போடுவோம். 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆக்கப்பட்டது. உதாரணத்துக்கு அந்தத் தொகையை வைத்துப் பார்ப்போம். சம்பளம் கூடினால் கணக்கும் கூடும். 14 நாளுக்கு 18,900 ரூபா. 30 வருடம் வேலை செய்திருந்தால் 5,67,000 ரூபா. இதுதான் சர்வீஸ் காசு.

இனி, பேர் பதியாமல் வேலை செய்கிறவர் ஒரு நாளில் என்ன இழக்கிறார் என்று பாருங்கள். 1,350 ரூபாவுக்கு 12 என்ற கணக்கில் 162 ரூபா நிர்வாகம் போட வேண்டிய ஈ.பி.எப். இன்னும் 40 ரூபா 50 சதம் ஈ.டி.எப். இரண்டும் சேர்ந்து 202 ரூபா 50 சதம். மாதம் 25 நாள் வேலை என்றால் 5,000 ரூபாவுக்கு மேல். இது கண்ணுக்குத் தெரியாமல் கரைகிற காசு. கைக்காசு வேலை, தற்காலிக வேலை என்றாலும் ஈ.பி.எப். உண்டு என்பதே சட்டம். "வயது போனவங்களுக்கு அதெல்லாம் இல்லை" என்று யாராவது சொன்னால் அப்படியே நம்பிவிட வேண்டாம். தொழில் அலுவலகத்தில் கேளுங்கள்.

வயது விசயத்திலும் ஒரு புதிய சட்டம் இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் இடங்களில் ஓய்வு பெறும் குறைந்த வயது 60. வயது வந்துவிட்டது என்று காரணம் காட்டி அதற்கு முன் நிறுத்த முடியாது. சட்டம் வந்தபோது ஐம்பதுகளில் இருந்தவர்களுக்கு மட்டும் கொஞ்சம் வேறு கணக்கு உண்டு. வேலையை விட்டு நிற்கும் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் ஈ.பி.எப். காசை எடுக்கலாம். எடுக்கலாம் என்பதற்காக எடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. உடம்பில் தெம்பு இருக்கும்போது பேரை வெட்டிக்கொண்டு, காசைச் செலவழித்துவிட்டு, அதே மலைக்குப் பேர் இல்லாமல் திரும்பி வருவதுதான் நாங்கள் அடிக்கடி காணும் பிழை.

எங்கள் கண்முன் நடந்தது

இந்த இடத்தில் எங்கள் பிழையையும் சொல்லத்தான் வேண்டும். தோட்டத்தின் பெயரும் ஆளின் பெயரும் வேண்டாம். நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்த ஒரு அம்மா ஓய்வு பெற்றார். செக்ரோலில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு பெயர், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் மூன்றாவது பெயர். மூன்றும் ஒரே ஆள் என்று லயமே சொல்லும், ஆனால் கடதாசி சொல்லவில்லை. சத்தியக் கடதாசி, கிராம உத்தியோகத்தர் கடிதம் என்று ஓடித் திரிந்து ஈ.பி.எப். காசு கைக்கு வர மாதக் கணக்காகிவிட்டது. சர்வீஸ் காசு முதலிலேயே வந்தது. அது மகனுடைய ஆட்டோவுக்கும் பேத்தியின் சடங்குக்கும் போய்விட்டது.

சாப்பாட்டுக்கு வழி வேண்டுமே! பேர் பதியாமல் மலைக்குப் போனார். மழை நாளில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. வேலை செய்யும்போது விழுந்தார் என்று காட்ட அன்றைய செக்ரோலில் அவர் பேர் இல்லை. வேலையில் அடிபட்டால் நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் வேலையில் இருந்ததற்கு எழுத்தில் ஆதாரம் வேண்டும். அந்த அம்மாவைப் பார்க்கப் போனபோது, "விடுங்க ஐயா, தேயிலைக்குத் தெரியும் நான் அங்க நின்னது" என்றார்.

பல வருடமாக அவரை எங்களுக்குத் தெரியும். பிள்ளைக் காம்பரா கூட்டத்திலும் சுகாதாரக் கூட்டத்திலும் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். ஒரு நாளாவது "அம்மா, உங்க அடையாள அட்டையைக் கொஞ்சம் காட்டுங்க" என்று நாங்கள் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்வியை ஐம்பது வயதில் கேட்டிருந்தால் பத்து வருடம் கையில் இருந்திருக்கும். இப்போது டிவிசன் டிவிசனாகப் போகும்போது முதலில் கேட்பது அதைத்தான்.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, 50 வயது வந்ததும் மூன்று கடதாசிகளையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள்: பிறப்புச் சாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, சம்பளத் துண்டு. பெயரும் பிறந்த திகதியும் ஒன்றாக இருக்கின்றனவா? ஒரு எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே ஆபீசில் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். பேரப்பிள்ளையிடம் கொடுங்கள், அல்லது எங்களிடம் கொண்டு வாருங்கள்.

இரண்டாவது, ஈ.பி.எப். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பதை வேலையில் இருக்கும்போதே பார்த்து வையுங்கள். பின்னுரித்தாளரின் பெயர் சரியா என்றும் பாருங்கள். இறந்துபோன கணவரின் பெயரை மாற்றாமல் விட்டவர்கள் பலர்.

மூன்றாவது, சர்வீஸ் காசு வருகிற மாதம் வீட்டில் எல்லோருக்கும் அவசரத் தேவை வந்துவிடும். பிள்ளைகளே, உங்களிடம்தான் சொல்கிறோம். அது ஆட்டோவுக்கும் போனுக்கும் வந்த காசு அல்ல, அம்மாவுக்குக் கடைசிவரை கஞ்சி ஊற்ற வந்த காசு. பாதியையாவது அவர் பெயரிலேயே வங்கியில் போடுங்கள்.

நான்காவது, கொழும்பிலும் ஊர்க் கடைகளிலும் வேலை செய்யும் இளைஞர்கள் சேரும் நாளிலேயே ஈ.பி.எப். நம்பரைக் கேளுங்கள். ஆட்டோ ஓட்டுகிறவர்கள், தோட்டக்காணி செய்கிறவர்கள், சொந்தத் தொழில்காரர்கள் சமூகப் பாதுகாப்புச் சபையின் ஓய்வூதியத் திட்டத்தில் சேரலாம். பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

ஐந்தாவது, முதியவர்களின் உரிமைக்கு 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. 60 வயது கடந்தவர்கள் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். குறைந்த வருமானமுள்ள 70 வயது கடந்தவர்களுக்கான மாதக் கொடுப்பனவு 2025ஆம் ஆண்டில் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ரூபாவாகக் கூட்டப்பட்டது. கிடைக்க வேண்டியவருக்குக் கிடைக்காவிட்டால் கிராம உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கேட்பது பிச்சை அல்ல.

ஆறாவது, நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கும் தலைவர்மாருக்கும் ஒரு வேண்டுகோள். வயதானவர்களுக்கு மடுவத்துக்குக் கிட்டிய மலையைக் கொடுக்கலாம். தவறணையில் கன்று பார்க்கும் வேலை, பிள்ளைக் காம்பராவில் ஒத்தாசை போன்றவற்றை முதலில் அவர்களுக்கு ஒதுக்கலாம். குளவி கலைந்தால் இளையவர் ஓடிவிடுவார், அறுபது வயது அம்மா எங்கே ஓடுவது? கூடு இருக்கும் மலைக்கு அவர்களை அனுப்பாதீர்கள். கண்ணில் பூ விழுந்தவரைத் தொங்கலான மலையில் நிறுத்தாமல், முதலில் கிளினிக்குக்கு அனுப்புங்கள். ஒரு கண்ணாடி ஒருவருக்கு ஐந்து வருட உழைப்பைத் திருப்பிக் கொடுக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் மலையில் கால் வைத்தாலும் அவர் பேர் அன்றைய செக்ரோலில் இருக்கட்டும்.

அன்பார்ந்தவர்களே, இந்த நாட்டுக்குத் தேயிலையால் வந்த காசில் நம் தாய்மாரின் விரல் படாத ரூபா இல்லை. அவர்கள் இன்னும் மலையில் நிற்பது பாதி பழக்கத்தால், பாதி தேவையால். பழக்கத்தை நாம் தடுக்க வேண்டியதில்லை. தேவையைத்தான் குறைக்க வேண்டும்.

இன்று இரவு விளக்கு வைத்த பிறகு, அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து அந்த மூன்று கடதாசிகளையும் எடுத்துப் பாருங்கள். பெயர் சரியாக இருந்தால் நிம்மதியாகத் தூங்குங்கள். பிழையாக இருந்தால் நாளைக்கே வாருங்கள். ஆபீஸ் வாசலில் உங்களோடு நாங்களும் வந்து நிற்போம்.